பாம்பு, எலி, ஒரு சொட்டு ரத்தம்!

'பிளேட்லெட்' என்ற வார்த்தையை நமக்குப் பழக்கிவிட்ட புண்ணியம் டெங்குக் காய்ச்சலுக்குத்தான். அதற்கு முன்பு டாக்டர்களும் லேப்காரர்களும் மட்டும் புழங்கிய சொல் அது. இப்போது ஐப்பசி மழை பிடித்துவிட்டால் போதும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்கூட, "நம்ம மச்சானுக்கு எண்பதாயிரத்துக்கு இறங்கிருச்சாம்ப்பா!" என்று தங்கம் விலை மாதிரி பேசிக்கொள்கிறார்கள். உடனே ஒருத்தர் பப்பாளி இலைச் சாறு பற்றி லெக்சர் கொடுப்பார். இன்னொருத்தர் மாதுளம்பழம் என்பார்.

சரி, உங்களையே கேட்கிறேன். பிளேட்லெட் குறைந்தால் என்ன ஆகும்?

"ரத்தம் உறையாது. மூக்கில், ஈறில் ரத்தம் கசியும். தோலில் சிவப்புப் புள்ளி வரும்" என்பீர்கள். சரியான பதில்தான். தமிழில் தட்டணுக்கள் என்கிறோமே, அவைதான் ரத்தக் குழாயில் எங்கே ஓட்டை விழுந்தாலும் ஓடிப்போய் அடைக்கிற ஆட்கள். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு சொட்டில் சின்னஞ்சிறு பங்கில், ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். ஆள் குறைந்தால் வேலை நடக்காது. ரத்தம் ஒழுகும்.

ஆனால், இதற்கு நேர்மாறான ஒரு கூத்தும் உண்டு. பிளேட்லெட் குறைந்திருக்கும். ரத்தமோ ஒழுகாது. மாறாக, கால் நரம்பிலும் நுரையீரலிலும் மூளையிலும் கட்டி கட்டியாக உறைந்து உட்கார்ந்துகொள்ளும்! 'அணை கட்டும் ஆள் குறைவாக இருக்கும்போது, வேண்டாத இடத்தில் எல்லாம் அணை எப்படி முளைக்கிறது?' என்று டாக்டர்களே தலையைப் பிய்த்துக்கொண்ட விவகாரம் இது.

இந்த மர்மம் விடுபட்ட கதையில் ஒரு பாம்பு வருகிறது. லண்டன் மிருகக்காட்சி சாலை வருகிறது. மேகநோய் வருகிறது. கடைசியில் எலி மருந்தும் வருகிறது. கதை தொடங்குவது நம்ம ஊர் வரப்பில்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கொஞ்சம் நடந்து பாருங்கள். ஆலங்குடிப் பக்கம் செம்மண்ணும் நிலக்கடலையும். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் போனால் கல்லணைக் கால்வாயின் கடைமடையும் கண்மாய்ப் பாசனமும் நெல்லும். கடலையோ நெல்லோ, விளைகிற இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கிற இடத்துக்குக் கண்ணாடி விரியன் வரும். தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்ட வட்டமாகப் பட்டை. குக்கர் விசில் அடிப்பதுபோல ஒரு சீறல். அது எலியைத் தேடித்தான் வருகிறது. விடியற்காலையில் தண்ணீர் திருப்பப் போகிறவரின் கால் குறுக்கே விழுந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கடித்த பிறகு ரத்தத்தில் என்ன நடக்கிறது? பலரும் 'விரியன் விஷம் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும்' என்று நினைக்கிறார்கள். முடிவில் அப்படித் தெரிவது உண்மைதான். ஆனால், தொடக்கம் வேறு. விஷம் முதலில் செய்வது ரத்தத்தை உறைய வைப்பதை! உடம்பு முழுக்க உறைதல் வேலை தாறுமாறாகக் கிளம்பிவிடுகிறது. உறைவதற்குத் தேவையான சரக்கெல்லாம், ஃபைப்ரினோஜன் என்கிற புரதம், மற்ற காரணிகள், தட்டணுக்கள் எல்லாம் விறுவிறுவென்று செலவாகின்றன.

ஐநூறு பேருக்குச் சமைத்த கல்யாண வீட்டில், முதல் பந்தியிலேயே ஆயிரம் பேர் புகுந்துவிட்டால்? அடுத்த பந்திக்கு வெறும் இலைதான் மிஞ்சும். அதே கதி. சரக்கு தீர்ந்த பிறகு சின்னக் கீறலில் வருகிற ரத்தம்கூட நிற்காது.

இதைக் கண்டுபிடிக்க பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. கடிபட்டவரின் ரத்தம் 2 மில்லி எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்கிறார்கள். பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறைந்திருந்தால் சரி. தண்ணீராக ஓடினால் விஷமுறிவு ஊசி உடனே ஏற வேண்டும். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக்கூடாது. கண்ணாடி பட்டால்தான் ரத்தத்துக்கு உறைகிற உந்துதல் சரியாகக் கிடைக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துவிடக்கூடிய சோதனை இது.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்லெட் குறைய இரண்டு வழி உண்டு. உற்பத்தி குறைவது ஒன்று. உற்பத்தி ஒழுங்காக நடந்தும், எங்கோ அழிந்தோ செலவாகியோ போவது இன்னொன்று. லேப் ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் ஒரே மாதிரி எண்தான் வரும். விரியன் கடித்தவர் இரண்டாவது வகை. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

கண்ணாடி விரியனுக்கு இங்கிலீஷில் 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்' என்று பெயர். யார் இந்த ரஸ்ஸல்?

பாட்ரிக் ரஸ்ஸல் ஸ்காட்லாந்து டாக்டர். சிரியாவில் அலெப்போ நகரத்தில் பல வருஷம் வைத்தியம் பார்த்தவர். 1781-ல் தம்பியோடு விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். 1785-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கர்நாடகப் பகுதிக்கு இயற்கை ஆராய்ச்சியாளராக நியமித்தது. அன்றைக்குச் சனங்களுக்கு இருந்த பெரிய பிரச்னை, எது விஷப்பாம்பு, எது சாதுப்பாம்பு என்று தெரியாதது. ரஸ்ஸல் ஒவ்வொரு பாம்பாகப் பிடித்துவரச் சொல்லி, படம் வரைய வைத்து, கோழிகளையும் நாய்களையும் கடிக்கவிட்டு, என்ன நடக்கிறது என்று எழுதி வைத்தார். 1796-ல் சோழமண்டலக் கரையின் பாம்புகள் பற்றி அவர் எழுதிய புத்தகம் லண்டனில் வெளியானது. விரியனை அவர் 'காட்டுக ரேகுல பொட' என்று தெலுங்கு மக்கள் சொன்ன பெயரிலேயே பதிவுசெய்தார். மறு வருஷமே, 1797-ல், விஞ்ஞானிகள் அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

அந்த நாளில் பாம்புக்கடிக்கு மருந்து என்று பிரபலமாக இருந்தது எது தெரியுமா? புதுக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் சரக்கு. 'தஞ்சாவூர் மாத்திரை'! மிளகோடு பாஷாணமும் பாதரசமும் சேர்ந்த உருண்டை. வெள்ளைக்காரர்கள் மத்தியிலும் அதற்கு ஏக கிராக்கி. ரஸ்ஸல் அதையும் விடவில்லை. விஷம் ஏறிய பிராணிகளுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். 'ஊரே சொல்லுதே' என்று நம்பிவிடாமல், கொடுத்துப் பார்த்துக் கணக்கெழுதிய அந்தப் புத்திதான் இந்தக் கதையின் முதல் படி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பம்பாய் பிளேக் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜார்ஜ் லாம்ப் என்ற ராணுவ டாக்டர் கண்ணாடி விரியன் விஷத்தைக் கையில் எடுத்தார். விஷம் நிறையப் போனால் குழாய்க்குள்ளேயே ரத்தம் உறைந்து பிராணி செத்துப்போகிறது. கொஞ்சமாகப் போனால் ரத்தம் உறையவே மாட்டேன் என்கிறது. ஒரே விஷம், இரண்டு முகம்!

இதைப் பிடித்துக்கொண்டார் ஒரு இளைஞர். லண்டன் செயின்ட் பார்த்தலோமியோ மருத்துவமனை டாக்டர் ராபர்ட் க்வின் மாக்ஃபர்லேன். அவருடைய கவலை ஹீமோஃபிலியா நோயாளிகள். பல் பிடுங்கினால்கூட நாள் கணக்கில் ரத்தம் கொட்டும் பிறவி வியாதி அது. 'ரத்தத்தை உறைய வைக்கிற பொருள் உலகத்தில் எது?' என்று தேடியவர், லண்டன் மிருகக்காட்சி சாலையில் பாம்புகளைக் கவனித்துவந்த பர்ஜஸ் பார்னெட்டிடம் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரும் பாம்பு பாம்பாக விஷம் எடுத்து, ஹீமோஃபிலியா ரத்தத்தில் விட்டுப் பார்த்தார்கள். முதல் பரிசு யாருக்கு? நம்ம கண்ணாடி விரியனுக்கு! பத்தாயிரம் மடங்கு நீர்த்த விஷம் பட்டதும், அரை மணி நேரம் ஆனாலும் உறையாத ரத்தம் நொடிகளில் உறைந்தது. இங்கே மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட அதே 1934-ல் அங்கே இது வெளியானது. பிறகு 'ஸ்டிப்வென்' என்ற பெயரில் மருந்தாகவே விற்றார்கள். பல் பிடுங்கிய குழியில் பஞ்சில் நனைத்து வைப்பதற்கு.

மருந்து பின்னாளில் வழக்கொழிந்து போனது. ஆனால், கேள்வி மிஞ்சியது. விஷம் எப்படி வேலை செய்கிறது? ரத்தம் உறைவது ஒரு ரிலே ரேஸ். ஒரு காரணி அடுத்த காரணியை எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும். இந்தச் சங்கிலியை 1964-ல் எழுதிக் காட்டிய முன்னோடி வேறு யாருமில்லை, அதே மாக்ஃபர்லேன்தான். கண்ணாடி விரியன் விஷமோ முதல் ஸ்டாப்பிலேயே ஏறுவதில்லை. பைபாஸில் வந்து நேராகப் பத்தாம் காரணியில் ஏறிக்கொள்கிறது. அதனால்தான் அவ்வளவு வேகம்.

பாம்பை இங்கேயே கொஞ்சம் நிறுத்திவைப்போம். இப்போது மேகநோய்க்கு வருவோம்.

கர்ப்பிணிகளுக்கு முதல் செக்கப்பில் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் 'வி.டி.ஆர்.எல்.' என்று ஒன்று இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? சிஃபிலிஸ் என்கிற மேகநோய் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். இந்த வகை டெஸ்ட்டின் மூதாதை 1906-ல் ஜெர்மனியில் வாஸர்மன் கண்டுபிடித்தது. அதில் மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த சாறு பயன்பட்டது. அந்தச் சாற்றில் உண்மையிலேயே வேலை செய்கிற பொருள் ஒரு கொழுப்பு என்று 1941-ல் மேரி பாங்பார்ன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி பிரித்துக் காட்டினார். இதயத்திலிருந்து வந்ததால் பெயர் கார்டியோலிபின்.

டெஸ்ட் பரவலானதும் ஒரு வில்லங்கம் முளைத்தது. சிஃபிலிஸ் வரவே வாய்ப்பில்லாத சில பேருக்கும் 'பாஸிட்டிவ்' என்று வந்தது. அதிலும் நிறையப் பேர் பெண்கள். யோசித்துப் பாருங்கள். 'உனக்கு மேகநோய்' என்று ஒரு காகிதம் சொல்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டில் என்ன நடந்திருக்கும்? 1952-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை டாக்டர்கள் மூரும் மோரும் 'இது பொய் பாஸிட்டிவ். நோய் மேகநோய் அல்ல. இவர்களில் பலருக்குப் பின்னாளில் லூபஸ் என்ற வியாதி வருகிறது' என்று அடித்துச் சொன்னார்கள். லூபஸ் என்பது உடம்பின் காவல்படையே உடம்பைத் தாக்குகிற கோளாறு.

அதே வருஷம், அதே மருத்துவமனையில், கான்லியும் ஹார்ட்மனும் இன்னொன்றைக் கவனித்தார்கள். லூபஸ் நோயாளிகள் இருவரின் ரத்தம், சோதனைக் குழாயில் தாமதமாக உறைந்தது. அதை உறையவிடாமல் தடுக்கும் ஏதோ ஒன்று ரத்தத்திலேயே இருந்தது. பிறகு இந்தத் தடுப்பானுக்கு 'லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்' என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பார்த்தால் இது ரத்தக் கசிவு நோய் என்றுதான் தோன்றும். ஆனால், 1963-ல் இருந்தே டாக்டர்களுக்கு உறுத்தல். இவர்களுக்கு ரத்தம் கசியவில்லை. நேர்மாறாக, நரம்புக்குள் உறைகிறது! குழாயில் தாமதம், உடம்பில் அவசரம்.

முடிச்சை அவிழ்த்தவர்கள் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கிரஹாம் ஹியூஸும் அவருடைய சகாக்களும். 1983-ல், தேவையில்லாத ரத்த உறைவு, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, மூளைப் பாதிப்பு இவையெல்லாம் தனித்தனி வியாதிகள் அல்ல, ஒரே வியாதியின் கைவரிசை என்று ஹியூஸ் சொன்னார். பலருக்குக் கூடவே பிளேட்லெட்டும் குறைந்திருந்தது. அதே வருஷம் கயானாவில் பிறந்த நைஜல் ஹாரிஸும் ஹியூஸ் குழுவினரும் கார்டியோலிபினுக்கு எதிரான ஆன்டிபாடியை நுட்பமாக அளக்கும் டெஸ்ட்டை வெளியிட்டார்கள். வியாதிக்கு 'ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம்' என்று பெயர் நிலைத்தது. சுருக்கமாக ஏ.பி.எஸ்.

விஷயம் இவ்வளவுதான். பாஸ்போலிபிட் என்ற கொழுப்போடு ஒட்டியிருக்கும் புரதங்களை எதிரி என்று நினைத்து உடம்பு ஆன்டிபாடி தயாரிக்கிறது. சோதனைக் குழாயில் உறைதல் நடக்க அந்தக் கொழுப்புதான் மேடை. ஆன்டிபாடி மேடையில் ஏறி உட்கார்ந்துகொள்வதால் அங்கே உறைவது தாமதமாகிறது. ஆனால், உடம்புக்குள் அதே ஆன்டிபாடி ரத்தக் குழாயின் உள்சுவரையும் தட்டணுக்களையும் சீண்டிவிடுகிறது. அவை கோபித்துக்கொண்டு உறைய ஆரம்பிக்கின்றன. சீண்டப்பட்ட தட்டணுக்களில் பல அழிகின்றன, செலவாகின்றன. அதனால் எண்ணிக்கை குறைகிறது. கல்யாணப் பந்தி ஞாபகம் வருகிறதா? ஐரோப்பாவில் இந்த நோயாளிகள் 1,000 பேரைக் கவனித்ததில் சுமார் 30 சதவிகிதம் பேருக்கு பிளேட்லெட் குறைவு இருந்தது. பெரும்பாலும் லேசான குறைவுதான். 'கசியும்' என்று நாம் பயப்படுகிற எண், இவர்களில் 'உறைகிறது' என்று சொல்கிற எண்ணாகவும் இருக்கலாம்.

மேடையில் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் நிறுத்திவைத்த பாம்பு திரும்ப வருகிறது.

1986-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மூன்று பேர் ஒரு டெஸ்ட்டை வெளியிட்டார்கள். முதல் பெயரே நமக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மாதிரி இருக்கும். பெருமாள் தியாகராஜன்! மற்றவர்கள் இத்தாலியின் விட்டோரியோ பெங்கோ, சாண்டர் ஷபிரோ. கண்ணாடி விரியன் விஷம் பைபாஸில் வந்து பத்தாம் காரணியில் ஏறும் என்று பார்த்தோம் இல்லையா? அதற்குப் பிறகு உறைதல் முடிய பாஸ்போலிபிட் மேடை வேண்டும். விஷத்தையும் மேடையையும் நன்றாக நீர்த்து, நோயாளியின் ரத்த நீரோடு சேர்த்து, எத்தனை நொடியில் உறைகிறது என்று பார். தாமதமானால், பாஸ்போலிபிட்டை அள்ளிப் போட்டு மறுபடியும் பார். இப்போது சரியாகிவிட்டதா? அப்படியானால் ஆன்டிபாடி உட்கார்ந்திருந்தது நிச்சயம். இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த நோய்க்குச் செய்யப்படும் முக்கியமான டெஸ்ட்களில் ஒன்று இது. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளின் ரத்தவியல் துறைகளில் இது பழகிய சமாசாரம்.

விசாகப்பட்டினத்தில் ரஸ்ஸல் படம் வரைய வைத்த பாம்பு, இருநூறு வருஷம் கழித்து ஒரு சோதனைக் குழாயில் சாட்சிக்கூண்டு ஏறியது!

இதில் யாருக்கு என்ன ஆச்சு என்கிறீர்களா? நம் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு மூன்று முறை கரு தங்காமல் போய்விட்டது. முதல் முறை, "போகட்டும், அடுத்தது நல்லா இருக்கும்" என்பார்கள். இரண்டாவது முறை, ஜோசியரிடம் போவார்கள். மூன்றாவது முறை? பரிகாரமும் பத்தாமல், "அவ வயித்துல தங்காதுங்க" என்று அவள் காதுபடவே பேசுவார்கள். மகனுக்கு இரண்டாம் தாரம் தேடுகிற வீடும் உண்டு. அவளுக்கு ரத்த டெஸ்ட் எடுத்தால் பிளேட்லெட் ஒரு லட்சம் என்று வந்திருக்கும். "கொஞ்சம் கம்மியா இருக்கு, சத்தா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்த எண்ணும் அந்த இழப்பும் ஒரே நூலின் இரண்டு நுனி என்று யாருக்கும் தோன்றாது.

பத்து வாரத்துக்கு முன் தொடர்ந்து மூன்று முறை கரு கலைவது, பத்து வாரத்துக்கு மேல் நல்லபடி வளர்ந்த சிசு காரணமில்லாமல் ஒரு முறை இறப்பது, இவை இரண்டுமே இந்த டெஸ்ட்டைக் கேட்க வேண்டிய சங்கதிகள். அதேபோல, ஐம்பது வயதுக்குள் பக்கவாதம், அடிபடாமலே ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும், கூடவே பிளேட்லெட் குறைவு என்றாலும் கேட்க வேண்டும். ஒரு தடவை பாஸிட்டிவ் வந்தால் போதாது. காய்ச்சல், தொற்று என்று பல காரணத்துக்காக இந்த ஆன்டிபாடி வந்துவிட்டுப் போகும். அதனால் 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்து, அப்போதும் இருந்தால்தான் நோய் என்று முடிவுகட்டுவார்கள். அபூர்வ நோய்தான். மேலைநாட்டுக் கணக்குகளில் லட்சம் பேரில் 50 பேர் அளவுக்கு. ஆனால், அந்த வீட்டுக்கு அது லட்சத்தில் ஒன்றல்ல, நூற்றுக்கு நூறு.

நல்ல செய்தி, இதற்கு வைத்தியம் உண்டு. கர்ப்ப காலத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை, தோலுக்கடியில் போடும் ஹெப்பாரின் ஊசி. 1997-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் இப்படிக் கருவிழந்த 90 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆஸ்பிரின் மட்டும் வாங்கியவர்களில் 42 சதவிகிதம் பேர் உயிருள்ள குழந்தை பெற்றார்கள். ஆஸ்பிரினோடு ஹெப்பாரினும் வாங்கியவர்களில் 71 சதவிகிதம் பேர்! "தங்காது" என்று சொல்லப்பட்ட வயிறுகள் அவை.

ஏற்கெனவே ரத்த உறைவு வந்தவர்களுக்கு? அவர்களுக்காகத்தான் எலி மருந்து வருகிறது.

1933 பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்ஸினில், கொட்டும் பனியில் ஒரு விவசாயி செத்த பசுவையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. தீவனத்தில் இருந்த பொருளைக் கண்டுபிடிக்க லிங்க் குழுவுக்கு ஆறேழு வருஷம் ஆனது. அதன் வழியில் வந்த 'வார்ஃபரின்' 1948-ல் எலியைக் கொல்லும் மருந்தாக விற்பனைக்கு வந்தது. சரியான அளவில் கொடுத்தால் அதே பொருள் மனிதர்களின் ரத்தம் தேவையில்லாமல் உறைவதைத் தடுக்கும் என்று தெரிந்தது. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே அதைக் கொடுத்தார்கள்.

ஏ.பி.எஸ். வந்தவர்களுக்கு இன்றும் முதல் துணை இந்தப் பழைய வார்ஃபரின்தான். புதிய மாத்திரைகளான ரிவராக்ஸபான் வகைகளை இவர்களுக்குக் கொடுக்கலாமா என்று 2018-ல் ஒரு சோதனை வெளியானது. மூன்று வகை ஆன்டிபாடியும் உள்ள, ஆபத்து அதிகமான நோயாளிகளுக்கு வார்ஃபரினே பாதுகாப்பு என்று தெரிந்தது. அதை நடத்தியவர் யார் தெரியுமா? பாம்பு விஷ டெஸ்ட்டில் தியாகராஜனோடு பெயர் வந்த அதே பெங்கோ!

வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் 'ஐ.என்.ஆர்.' என்ற டெஸ்ட்டை விடாமல் எடுக்க வேண்டும். சாதாரணமாக 2-லிருந்து 3-க்குள் நிற்க வேண்டும். கீரை சாப்பிடலாம். ஆனால், ஒரு வாரம் கட்டுக்கட்டாக, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று இருக்கக்கூடாது, ஒரே சீராக இருக்க வேண்டும். கடையில் சொல்லி வாங்கும் வலி மாத்திரை, தெரியாத லேகியம் எதையும் டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது. கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கும், ஊசிக்கு மாற்றுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. ரிப்போர்ட்டில் "பிளேட்லெட் கம்மி" என்று பார்த்ததும் பயந்துபோய், ரத்த உறைவுக்கான மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. 'ஏற்கெனவே ரத்தம் உறையாது, இதில் மாத்திரை வேறயா?' என்கிற கணக்கு. இந்த நோயில் அந்தக் கணக்கு உயிருக்கே உலை வைக்கும். எண்ணிக்கை ரொம்பவும் இறங்கினால் மருந்தை மாற்றுவதா, குறைப்பதா என்று ரத்தவியல் டாக்டர்தான் எடைபோட வேண்டும்.

எண் ஒன்று, பொருள் இரண்டு என்பதை 2021-ல் உலகமே பார்த்தது. ஆஸ்ட்ராஜெனகா கொரோனா தடுப்பூசி போட்ட மிகச் சிலருக்கு, ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்து மூளை நரம்பில் ரத்தம் உறைந்தது. கூடவே பிளேட்லெட் சரிந்தது. தட்டணுக்களிலிருந்து வரும் ஒரு புரதத்துக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி தயாரித்ததுதான் காரணம் என்று சில வாரங்களிலேயே கண்டுபிடித்தார்கள். எண் குறைகிறதே என்று வெளியிலிருந்து தட்டணுக்களை ஏற்றுவது, எரிகிற அடுப்பில் விறகு வைப்பது மாதிரி ஆகிவிடலாம் என்று டாக்டர்களை எச்சரித்தார்கள். இந்தியாவில் கோவிஷீல்டுக்குப் பின் ரத்த உறைவு என்று சந்தேகப்பட்டவை 10 லட்சம் டோஸுக்கு 0.61 என்று 2021 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. மிக அபூர்வம்தான். ஆனால், 'பிளேட்லெட் குறைவு, கூடவே ரத்த உறைவு' என்ற ஜோடியை அதுவரை கேள்விப்படாத டாக்டர்களும் தெரிந்துகொண்டார்கள்.

பாம்பு விஷயத்திலும் காலம் மாறியிருக்கிறது. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978-ல் தொடங்கி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்துவருகிறது. விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் அதுதான். 2017-ல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. 2024 நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியை எந்த மருத்துவமனையும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்துவிட்டது. கடிபட்டால் கயிறு கட்டாமல், கத்தியால் கீறாமல், மந்திரிக்க நேரம் போக்காமல், அசையாமல் வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வைத்தியம். தஞ்சாவூர் மாத்திரை காலம் போய்விட்டது.

யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. வயலில் எலியைத் தேடிப் பாம்பு வருகிறது. இரண்டும் விவசாயிக்கு எதிரி. ஆஸ்பத்திரியிலோ பாம்பின் விஷம் நோயைக் காட்டிக்கொடுக்கிறது, எலிக்கு வைத்த விஷம் அந்த நோயாளியைக் காப்பாற்றுகிறது. விஷம் என்றும் மருந்து என்றும் தனித்தனியாக எதுவுமில்லை. அளவும் இடமும்தான் தீர்மானிக்கின்றன.

பிளேட்லெட் எண்ணும் அப்படித்தான். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாருக்காவது "கவுன்ட் கம்மியா இருக்கு" என்று ரிப்போர்ட் வந்தால், "எவ்வளவு?" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். டாக்டரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்.

"ஏன் குறைஞ்சுது டாக்டர்?"